விரிதாள்விடு தூது: மேக்ரோ வழியே இணைப்புடன் மின்னஞ்சல் அனுப்பும் முறை

முன்னுரை

ஒருவர் சொல்ல விரும்பிய செய்தியை மற்றொருவரிடம் பிழையின்றிக் கொண்டுசேர்க்கும் பணியைத் தூது என்றனர் நம் முன்னோர். திருக்குறளின் 69ஆம் அதிகாரம் இப்பெயரையே தாங்கி நிற்கின்றது. அன்னம், கிளி, மேகம், நெஞ்சு எனப் பலவற்றையும் தூதாக விடுத்துப் பாடிய சிற்றிலக்கியங்கள் தமிழில் உள்ளன. தமிழ் மொழியையே தூதாக விடுத்த 'தமிழ்விடு தூது' என்னும் நூலையும் நாம் அறிவோம். இன்று நம் அலுவலக மேசை மேல் இருக்கும் கணிப்பொறியும் தூது செல்லத் தொடங்கிவிட்டது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடல் எழுதி, அவரவர்க்குரிய கோப்பினை இணைத்து, சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களை அது அனுப்பிவிடுகின்றது. இப்பணியைச் செய்விக்கும் முறையினையும், அதனைச் செய்விப்போர் மேற்கொள்ள வேண்டிய காவல்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலமும் இடமும் அறிந்து, எண்ணிச் சொல்ல வல்லவனே தூதருள் சிறந்தவன் என்பது வள்ளுவர் கருத்து. கணிப்பொறியோ காலமும் அறியாது, இடமும் அறியாது, எண்ணிப் பார்க்கவும் அறியாது. ஏவியதை ஏவியவாறே செய்யும். எனவே தூதனிடம் இருக்க வேண்டிய அறிவு முழுவதும் தூது விடுப்போரிடத்தே இருந்தாக வேண்டும். இக்கருத்தினை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

விரிதாளும் மின்னஞ்சலும் கடந்து வந்த வழி

கணக்கேடு போலக் கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்டு கட்டம் கட்டமாக விரியும் மின்னணுத் தாளே விரிதாள் எனப்படும். டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் ஆகிய இருவர் உருவாக்கிய 'விசிகால்க்' 1979இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக வெளிவந்தது. தனியாள் கணிப்பொறியில் இடம்பெற்ற முதல் விரிதாள் அதுவே. 1983இல் வெளிவந்த 'லோட்டஸ் 1-2-3' மேக்ரோ எழுதும் வசதியைப் பரவலாக்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'எக்செல்' 1985இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வெளிவந்தது. 1993இல் வந்த எக்செல் 5ஆம் பதிப்பில் 'விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ்' என்னும் கட்டளை மொழி சேர்க்கப்பட்டது. நாம் இங்கு விளக்கப்போகும் மேக்ரோ அம்மொழியிலேயே எழுதப்படுவது.

மின்னஞ்சலின் வரலாறு இதனினும் சற்று மூத்தது. ரே டாம்லின்சன் என்பார் 1971இல் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலைப்பின்னல் வழியே மடல் அனுப்பினார். பெறுநரின் பெயரையும் அவருடைய கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக்காட்ட '@' என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. ஆயினும் தொடக்கக் கால மின்னஞ்சலில் வெறும் எழுத்துகளே செல்ல முடிந்தது. படம், ஒலி, பிற கோப்புகள் ஆகியவற்றை மடலோடு இணைப்பதற்கான பொதுவிதியை நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் பிரீட் ஆகியோர் 1992இல் வகுத்தளித்தனர். 'மைம்' என்பது அவ்விதியின் பெயர்.

இணைப்பு செல்லும் விதமும் அறியத்தக்கது. இணைக்கப்படும் கோப்பு, அஞ்சல் வழியில் செல்வதற்கேற்பச் சாதாரண எழுத்துகளாக மாற்றப்படுகின்றது. கோப்பின் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாக மாறுகின்றன. ஆகவே 3 மெகாபைட் அளவுள்ள கோப்பு, செல்லும் வழியில் ஏறத்தாழ 4 மெகாபைட் ஆகிவிடுகின்றது. அஞ்சல் நிறுவனங்கள் இணைப்பின் அளவுக்கு வரம்பு விதித்துள்ளமையால் இக்கணக்கை மறந்துவிடலாகாது.

மேக்ரோ என்னும் சொல் பெரியது, நீண்டது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஒரு சிறு கட்டளை, நீண்ட பணித்தொடரைச் செய்து முடிப்பதால் இப்பெயர் பொருந்துகின்றது. சில சொற்களால் பெரும்பொருளை உணர்த்தும் நம் இலக்கண நூற்பாவை இதற்கு ஒப்புமையாகக் கூறலாம். நூற்பாவில் ஓர் எழுத்துப் பிழைபட்டால் விதியே மாறிவிடுவது போல, மேக்ரோவில் ஓர் எண் பிழைபட்டால் மடல்கள் அனைத்தும் திசைமாறிவிடும்.

தேவை எங்கே எழுகின்றது?

ஒரு கல்லூரித் துறையில் 180 மாணவர்கள் பயில்வதாகக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் அவருடைய அகமதிப்பீட்டு மதிப்பெண் தாளினைத் தனித்தனியே அனுப்ப வேண்டும். ஒரு மடலை எழுதி, கோப்பினைத் தேடி எடுத்து இணைத்து அனுப்ப 2 நிமிடம் ஆகுமெனில், 180 மடல்களுக்கு 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம் ஆகும். மேக்ரோவோ இதனை ஒரு தேநீர் அருந்தும் பொழுதில் முடித்துவிடும்.

ஆனால் இங்கு நேரத்தைக் காட்டிலும் பெரிய பொருள் ஒன்று உண்டு. மதிப்பெண் என்பது மாணவர் ஒருவரின் தனிப்பட்ட செய்தி. தேர்வில் தவறிய மாணவியின் தாள் உடன் பயில்வோர் கைக்குச் சென்றுவிட்டால், அவர் உறும் துயரை எந்த மன்னிப்பு மடலாலும் துடைக்க இயலாது. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தபின் திரும்பாது. கையால் அனுப்புவோர் தவறினால் ஒரு மடலே தவறும். மேக்ரோவால் அனுப்புவோர் தவறினால் 180 மடல்களும் தவறக்கூடும். தனிநபர் செய்திகளைக் கையாள்வோர் அவற்றைக் காக்கும் பொறுப்புடையவர் என்பதை 2023இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வலியுறுத்துகின்றது.

பட்டியலை அமைத்தல்

மேக்ரோவின் வெற்றி பட்டியலின் ஒழுங்கிலேயே தொடங்குகின்றது. விரிதாளின் முதல் தாளில் பின்வரும் 5 நெடுவரிசைகளை அமைத்தல் வேண்டும்.

1. பதிவெண்
2. பெயர்
3. மின்னஞ்சல் முகவரி
4. வகுப்பு
5. அனுப்பிய நேரம்

முதற் கிடைவரிசையில் இத்தலைப்புகள் இடம்பெறும். இரண்டாம் கிடைவரிசை முதல் மாணவர் விவரங்கள் தொடரும். ஐந்தாம் நெடுவரிசையை நாம் நிரப்புதல் கூடாது. அது மேக்ரோ தன் பணியை முடித்தபின் தானே எழுதும் இடமாகும்.

கோப்பினை யாருக்குரியது என அடையாளம் காணப் பெயரைக் கொள்ளலாமா எனச் சிலர் வினவக்கூடும். கூடாது என்பதே விடை. ஒரே வகுப்பில் அப்துல் ரகுமான் என்னும் பெயருடையோர் இருவர் இருப்பது நம் கல்லூரிகளில் இயல்பு. ஒருவர் பெயரையே முகமது என்றும், முகம்மது என்றும், முஹம்மது என்றும் மூவர் மூவகையாக எழுதுவதும் இயல்பு. மனிதருக்கு இம்மூன்றும் ஒன்றே. கணிப்பொறிக்கோ இவை மூன்று வேறு பெயர்கள். எனவே மாறுபாட்டிற்கு இடமில்லாத பதிவெண்ணையே கோப்பின் பெயராக வைத்தல் வேண்டும். பதிவெண் 2107 எனில் அம்மாணவரின் கோப்பு '2107.பிடிஎஃப்' என்றே அமையும். கோப்பின் பெயரை உரோமன் எழுத்தில் எழுதிக்கொள்க. எல்லாக் கோப்புகளும் ஒரே உறையில் இருத்தல் வேண்டும்.

பதிவெண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணின் தொடக்கத்தில் சுழியம் இருந்தால், எக்செல் அதனைப் பயனற்றதெனக் கருதி நீக்கிவிடும். 0217 என்பது 217 ஆகிவிடும். எண் 12 இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால், பொதுவடிவக் கட்டத்தில் அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கித் தோன்றும். 15 இலக்கத்திற்கு மேற்பட்டால் எஞ்சிய இலக்கங்கள் சுழியங்களாகவே மாறிவிடும். எனவே பதிவெண்களை இடுவதற்கு முன்னரே அந்நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்னும் எழுத்து வடிவிற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மடல் வாசகமும் புணர்ச்சி விதியும்

இரண்டாம் தாளில் மடலின் வாசகம் இடம்பெற வேண்டும். முதற் கட்டத்தில் மடலின் தலைப்பு. அதன் கீழுள்ள கட்டத்தில் மடல் உரை. உரையில் பெயர் வரவேண்டிய இடத்தில் '#1' என்றும், வகுப்பு வரவேண்டிய இடத்தில் '#2' என்றும் குறியிடுவோம். மேக்ரோ ஒவ்வொரு மடலிலும் இக்குறிகளை நீக்கி, அந்தந்த மாணவரின் விவரத்தை இட்டு நிரப்பும். ஒரே கட்டத்திற்குள் அடுத்த வரிக்குச் செல்ல 'ஆல்ட்', 'என்டர்' ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்துதல் வேண்டும்.

தமிழ் பயில்வோர் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வேற்றுமைச் சொல்லைத் தனியே வைத்துவிடலாம், பெயர் மாறுவதில்லை. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி, புணர்ச்சி விதிக்கேற்பத் திரியும். ஐ உருபு சேரும்போது பாத்திமா என்பது வகர உடம்படுமெய் பெற்றுப் 'பாத்திமாவை' என்றாகும். அலி என்பது யகர உடம்படுமெய் பெற்று 'அலியை' என்றாகும். காதர் என்பது 'காதரை' என்றும், முகமது என்பது ஈற்று உகரம் கெட்டு 'முகமதை' என்றும் ஆகும். எழுத்ததிகாரம் பயின்ற மாணவர்க்கு இது எளிது. குறியை நீக்கிப் பெயரை வைப்பதொன்றே அறிந்த மேக்ரோவிற்கோ இது தெரியாது. '#1க்கு' என்று வாசகம் அமைத்துவிட்டால், 'பாத்திமாக்கு', 'அலிக்கு', 'கண்ணன்க்கு' எனச் சரியும் பிழையும் கலந்து வெளிவரும்.

இதற்கு எளிய தீர்வு நம் மரபிலேயே உள்ளது. பெயரை எழுவாய் வடிவிலேயே நிறுத்தி, அதன்பின் 'அவர்கள்' என்னும் சொல்லை வைத்து, உருபினை அச்சொல்லோடு சேர்த்துவிடலாம். 'பாத்திமா அவர்களுக்கு', 'அலி அவர்களுக்கு', 'கண்ணன் அவர்களுக்கு' என எப்பெயர் வரினும் வாசகம் பிழைபடாது. மரியாதையும் குறையாது. மாணவர்க்கு எழுதும்போது 'அவர்கள்' மிகையெனக் கருதுவோர், மடலின் தலையில் 'பெறுநர்: #1' எனத் தனித்து நிறுத்தி, உரையில் 'தங்கள்' என்றே எழுதிச் செல்லலாம்.

மேக்ரோவின் நடை

எக்செல் திறந்திருக்கும்போது 'ஆல்ட்', 'எஃப் 11' ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மேக்ரோ எழுதும் பதிப்பித் திரை தோன்றும். அங்கு 'இன்செர்ட்' பட்டியலில் 'மாட்யூல்' என்பதைத் தேர்ந்தால், எழுதுவதற்கு வெற்றிடம் கிடைக்கும். கட்டளைச் சொற்களை இங்குத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகின்றோம். திரையில் அவற்றை உரோமன் எழுத்திலேயே தட்டச்சிடல் வேண்டும். மேக்ரோ 'சப்' என்னும் சொல்லோடு தொடங்கி 'எண்ட் சப்' என்று முடியும். இடையில் நிகழ்வன வருமாறு:

முதலாவது, அஞ்சல் அனுப்பும் மென்பொருளான அவுட்லுக்கை அழைத்தல். 'கிரியேட் ஆப்ஜெக்ட்' என்னும் கட்டளையில் 'அவுட்லுக் அப்ளிகேஷன்' என்று பெயர் சொல்லி அழைத்தால் எக்செல்லும் அவுட்லுக்கும் உரையாடத் தொடங்கும். அவுட்லுக்கில் நம் கணக்கு முன்னரே திறந்திருப்பதால் கடவுச்சொல்லை மேக்ரோவில் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது.

இரண்டாவது, பட்டியலின் இறுதி வரிசையை அறிதல். தாளின் அடிக்கோடியிலிருந்து மேல்நோக்கித் தேடி, முதலில் எதிர்ப்படும் நிரம்பிய கட்டத்தைக் கண்டறிய 'எண்ட்' என்னும் கட்டளை உதவும். பட்டியலில் மாணவர் கூடினாலும் குறைந்தாலும் மேக்ரோவைத் திருத்த வேண்டியிராது.

மூன்றாவது, வளையம். 'ஃபார்' என்று தொடங்கி 'நெக்ஸ்ட்' என்று முடியும் கட்டளைத் தொகுதி, இரண்டாம் வரிசை முதல் இறுதி வரிசை வரை ஒவ்வொன்றாக நடந்து செல்லும். இனிக் கூறுவன அனைத்தும் இவ்வளையத்திற்குள்ளேயே நிகழ்வன.

நான்காவது, ஐந்தாம் நெடுவரிசை வெறுமையாக உள்ளதா எனப் பார்த்தல். அங்கு நேரம் குறிக்கப்பட்டிருந்தால் அவருக்கு மடல் முன்னரே சென்றுவிட்டது எனப் பொருள். அவரை விடுத்து அடுத்தவரிடம் செல்லுமாறு கட்டளையிட வேண்டும். பாதியில் மின்சாரம் நின்று பணி தடைப்பட்டாலும், மீண்டும் தொடங்கும்போது எவருக்கும் இருமுறை மடல் செல்லாது.

ஐந்தாவது, கோப்பு உள்ளதா எனப் பார்த்தல். உறையின் இருப்பிடத்தோடு பதிவெண்ணையும் 'பிடிஎஃப்' என்னும் ஈற்றையும் சேர்த்துக் கோப்பின் முழு முகவரியை அமைத்து, 'டிர்' என்னும் கட்டளையால் அது இருக்கின்றதா என வினவுதல் வேண்டும். இல்லையெனில் அவ்வரிசைக்குச் சிவப்பு நிறம் தீட்டிவிட்டு மேலே செல்லலாம். இணைப்பின்றி மடல் அனுப்புதல் கூடாது.

ஆறாவது, புது மடல் உருவாக்குதல். 'கிரியேட் ஐட்டம்' என்னும் கட்டளைக்குச் சுழியம் என்னும் எண்ணைத் தந்தால் வெற்று மடல் ஒன்று உருவாகும். அதன் பெறுநர் இடத்தில் மூன்றாம் நெடுவரிசையின் முகவரியும், தலைப்பு இடத்தில் இரண்டாம் தாளின் தலைப்பும், உரை இடத்தில் 'ரீப்ளேஸ்' கட்டளையால் குறிகள் மாற்றப்பட்ட வாசகமும் அமையும். 'அட்டாச்மென்ட்ஸ் ஆட்' என்னும் கட்டளை கோப்பினை இணைக்கும்.

ஏழாவது, அனுப்புதல். 'டிஸ்பிளே' என்றால் மடல் திரையில் தோன்றி நம் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். 'சென்ட்' என்றால் உடனே புறப்பட்டுவிடும். 'சென்ட்' கட்டளைக்குப் பின்னர் மட்டுமே ஐந்தாம் நெடுவரிசையில் நேரத்தைக் குறித்தல் வேண்டும். அந்நேரம் மடல் அவுட்லுக்கிடம் ஒப்படைக்கப்பட்ட நேரமேயன்றிப் பெறுநர் கையில் சேர்ந்த நேரமன்று. முகவரி தவறாயின் மடல் திரும்பிவரும். அத்தகைய அறிவிப்புகளை அன்றும் மறுநாளும் பார்த்தல் நம் கடமை.

எழுதி முடித்ததும் கோப்பினை 'எக்ஸ்எல்எஸ்எம்' என்னும் மேக்ரோ ஏற்கும் வடிவில் சேமித்தல் வேண்டும். வழக்கமான 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' வடிவில் சேமித்தால் மேக்ரோ நீங்கிவிடும். மற்றொன்றும் அறிந்துகொள்ளத்தக்கது. மைக்ரோசாஃப்ட் அண்மையில் அளித்துள்ள 'புதிய அவுட்லுக்' இவ்வாறு பிற மென்பொருளின் ஏவலை ஏற்பதில்லை. 'கிளாசிக்' எனப்படும் முந்தைய வகை அவுட்லுக் கணிப்பொறியில் இருந்தால்தான் இம்முறை பயன்தரும்.

தமிழ் எழுத்தும் மேக்ரோ பதிப்பியும்

மடல் வாசகத்தை ஏன் தனித் தாளில் வைக்கச் சொன்னோம் என மாணவர் ஐயுறலாம். மேக்ரோ பதிப்பித் திரையில் தமிழில் எழுதி ஒட்டினால், எழுத்துகள் அனைத்தும் வினாக்குறிகளாக மாறிவிடும். அப்பதிப்பி, யூனிகோடு பரவுவதற்கு முற்பட்ட எழுத்துத் தொகுதிகளையே சார்ந்து அமைந்தது. விண்டோஸின் அப்பழைய தொகுதிகளுள் தமிழுக்கெனத் தனித்தொகுதி இல்லை. ஆனால் எக்செல் தாளின் கட்டங்கள் யூனிகோடு தமிழை முழுமையாக ஏற்கின்றன. மேக்ரோ அக்கட்டத்தைப் படித்து மடலுக்கு அப்படியே கொண்டுசெல்லவும் வல்லது. எனவே தமிழைத் தாளில் வைத்து, கட்டளையை மட்டும் பதிப்பியில் வைப்பதே வழி. குறிகளை '#1', '#2' என அமைத்ததும் இது பற்றியே. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் 'டிர்' கட்டளையும் அதனைக் கண்டறியத் தவறும். பதிவெண்ணைக் கோப்பின் பெயராக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு தமிழ் எழுத்துருக் குறியீட்டைக் கொண்டிருந்தது. ஒருவர் தட்டச்சிட்டதை மற்றவர் படிக்க இயலாத நிலை அன்று நிலவியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு குறியீட்டைத் தரப்படுத்த முயன்றது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய குறியீட்டில் சேமித்த கோப்புகள் துறைகளில் இன்றும் கிடக்கின்றன. அவற்றிலிருந்து வாசகத்தை எடுத்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்றேல் பெறுநர் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும்.

மேற்கொள்ள வேண்டிய காவல்கள்

1. தனி நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தலாகாது. பெயர்களை மட்டும் அகரவரிசைப்படுத்தி, முகவரிகளை அசையாது விட்டுவிட்டால், ஒருவர் முகவரியில் மற்றொருவர் பெயர் அமர்ந்துவிடும். எக்செல் எச்சரிக்கும்போது, தேர்வினை விரிவாக்கி முழுப் பட்டியலையும் சேர்த்தே வரிசைப்படுத்த வேண்டும்.

2. மடலை வளையத்திற்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்க வேண்டும். வளையத்திற்கு வெளியே ஒரே மடலை உருவாக்கித் திரையில் காட்டிச் சென்றால், ஒருவர் கோப்பின் மேல் அடுத்தவர் கோப்பும் இணைந்து, மடல் பலருடைய தாள்களையும் சுமந்து நிற்கும்.

3. 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்னும் கட்டளையைத் தவிர்க்க வேண்டும். பிழை நேர்ந்தாலும் பொருட்படுத்தாது மேலே செல்க என்பது அதன் பொருள். ஒரு மாணவரின் கோப்பு முகவரியை அமைப்பதில் பிழை நேர்ந்தால், முந்தைய மாணவரின் முகவரியே நினைவில் தங்கி, அவருடைய தாள் இவருக்குச் செல்லும். பிழை வந்தால் மேக்ரோ நின்றுவிடுவதே நன்று. நின்ற தூதனைத் திருத்தலாம். தவறாகச் சொல்லிவிட்ட தூதனைத் திருத்திப் பயனில்லை.

4. முதலில் நமக்கே அனுப்பிப் பார்க்க வேண்டும். இரண்டாம் தாளில் ஒரு கட்டத்தைச் சோதனை முகவரிக்கென ஒதுக்கலாம். அக்கட்டம் நிரம்பியிருந்தால் மடல்கள் அனைத்தும் அம்முகவரிக்கே செல்லுமாறும், ஐந்தாம் நெடுவரிசையில் நேரம் குறிக்கப்படாதவாறும் மேக்ரோவை அமைத்துவிடலாம்.

5. முதல் மாணவர், நடுவில் ஒருவர், இறுதி மாணவர் ஆகிய மூவரின் மடல்களை 'டிஸ்பிளே' வழி திறந்து, பெயர், முகவரி, இணைப்பு மூன்றும் ஒருவருக்கே உரியனவா எனக் கண்ணால் காண வேண்டும். கோப்பினைத் திறந்து உள்ளிருக்கும் பெயரையும் படிக்க வேண்டும். இயன்றால் பட்டியலை அமைத்தவர் ஒருவராகவும் சரிபார்ப்பவர் மற்றொருவராகவும் இருத்தல் நலம்.

6. எண்ணிக்கைகள் ஒத்திருக்க வேண்டும். மாணவர் 180 எனில் கோப்புகளும் 180 இருத்தல் வேண்டும். அனுப்பும் முன் எண்ணிக்கையைத் திரையில் காட்டி ஒப்புதல் கேட்குமாறு மேக்ரோவை அமைக்கலாம்.

7. அஞ்சல் நிறுவனங்களின் வரம்பை மதிக்க வேண்டும். ஜிமெயிலில் ஒரு மடலின் இணைப்பு 25 மெகாபைட்டைத் தாண்டலாகாது. தனியாள் கணக்கு ஒன்றிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்பவும் இயலாது. பட்டியல் பெரிதாயின் நாள்தோறும் பகுதி பகுதியாக அனுப்புதலே முறை.

மெலிசா தரும் பாடம்

நாம் மேலே விளக்கியதையே தீய நோக்கில் செய்து காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1999 மார்ச் 26ஆம் நாள் 'மெலிசா' எனப் பெயரிடப்பட்ட மேக்ரோ நச்சுநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. வேர்டு கோப்பு ஒன்றினுள் மறைந்திருந்த அது, கோப்பினைத் திறந்ததும் அவுட்லுக்கை அழைத்து, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னையே இணைப்பாக அனுப்பிக்கொண்டது. தெரிந்தவரிடமிருந்து வந்த மடல் என நம்பித் திறந்தோர் அடுத்த 50 பேருக்கு அதனைப் பரப்பினர். மடல்களின் பெருக்கைத் தாங்க இயலாது பல நிறுவனங்கள் தம் அஞ்சல் அமைப்புகளை நிறுத்தி வைத்தன. அதனை எழுதிய டேவிட் ஸ்மித் என்பவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2002இல் 20 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

அவுட்லுக்கை அழைத்தல், மடல் உருவாக்குதல், கோப்பு இணைத்தல், அனுப்புதல் என மெலிசா சென்ற வழியும் நாம் கற்ற வழியும் ஒன்றே. நோக்கமே வேறு. இத்தகைய நிகழ்ச்சிகளின் விளைவாகவே, பிற மென்பொருள்கள் அவுட்லுக் வழி அஞ்சல் அனுப்ப முயலும்போது எச்சரிக்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. இணையத்திலிருந்து பெற்ற கோப்புகளின் மேக்ரோக்களைத் தொடக்கத்திலேயே தடுத்து நிறுத்தும் ஏற்பாட்டை 2022இல் மைக்ரோசாஃப்ட் நடைமுறைப்படுத்தியது. இத்தடைகளைத் தொல்லையெனக் கருதி நீக்கிவிடலாகாது. நாம் எழுதிய மேக்ரோவை நாம் இயக்கலாம். பிறர் அனுப்பிய மேக்ரோவை, அதன் ஒவ்வொரு வரியின் பொருளும் அறிந்தாலன்றி இயக்குதல் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விரிதாளிலிருந்து இணைப்புடன் மின்னஞ்சல் அனுப்பும் மேக்ரோ அரிய வித்தையன்று என்பதும், ஒழுங்கான பட்டியலும் தெளிவான வாசகமும் ஏழு படிகளும் இருந்தால் எவரும் செய்யத்தக்கதே என்பதும் விளங்கும். கணிப்பொறித் துறையார்க்கு மட்டுமே உரியது இக்கலை என நம் தமிழ் மாணவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. வாசகம் புணர்ச்சியில் பிழைபடாது அமைவதற்குத் தமிழறிவே துணைநிற்கக் கண்டோம்.

ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். மனிதத் தூதன் தவறான வாயிலில் நின்றால், முகம் கண்டு ஐயுற்றுத் திரும்புவான். மேக்ரோவிற்கு முகம் தெரியாது. அது எந்த வாயிலிலும் தயங்காமல் மடலைப் போட்டுவிட்டு அடுத்த வாயிலுக்குச் சென்றுவிடும். ஆதலின் நமக்கு மிச்சமாகும் ஆறு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் சரிபார்ப்புக்குச் செலவிடுவோமாக. 180 மாணவரும் தத்தம் தாளை மட்டுமே பெறுமாறு செய்துவிட்டால், நாம் விடுத்த தூது தன் கடமையைச் செய்ததாகும்.